செய்கூலியையும் சேர்த்துப் பாருங்கள்

தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களில் காட்சிக்கூடங்களை அமைக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகன். கலை வரலாறு படித்தவன் இல்லை. பித்தளையையும் வெண்கலத்தையும் தட்டிப் பார்த்து ஓசையில் பிரிக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் உங்கள் அருங்காட்சியகங்களில் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஊர் எதற்கு, எல்லா ஊரிலும் ஏறக்குறைய இதே கதைதான். செப்புத்திருமேனிகள் இருந்த கூடத்தில் வெளிச்சம் அளந்து விழுந்தது. ஒவ்வொரு சிலைக்கும் தனிப் பீடம், சுற்றி வந்து பார்க்க இடம், முத்திரை என்ன, காலம் என்ன என்று ஒரு பத்தி விளக்கம். நன்றாகவே செய்திருந்தீர்கள், குறை சொல்ல மாட்டேன். அங்கிருந்து மாடிப்படிக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒரு குத்துவிளக்கு, இரண்டு செம்பு, மூன்று பாக்குவெட்டி, ஒரு சுண்ணாம்புக் கரண்டகம், ஒரு முறுக்கு அச்சு, எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. கீழே ஓர் அட்டை: ‘புழங்கு பொருட்கள். பித்தளை.’

எங்கள் கடைப் பரணில்கூட அவற்றுக்கு இதைவிட நல்ல இடம் இருந்தது.

சுவாமிமலை கும்பகோணத்துக்கு மேற்கே இருக்கிறது, நாச்சியார்கோயில் தென்கிழக்கே. இரண்டுமே பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவுதான். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். நாச்சியார்கோயிலில் அதே காவிரி வண்டலைப் பெட்டியில் கெட்டித்து அச்செடுத்து, விளக்கின் அடித்தட்டு, தண்டு, அகல், உச்சியில் நிற்கும் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகிச் சேர்க்கிறார்கள். மண்ணும் ஆறும் ஒன்று, உலையின் சூட்டைக் கண்ணால் அளக்கும் படிப்பும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அங்கே செய்பவர் ஸ்தபதி, அவர் செய்வது கலை. இங்கே செய்பவர் பத்தர், அவர் செய்வது பாத்திரக்கடைச் சரக்கு. உங்கள் கட்டடத்திலும் இதே பிரிவினைதான்.

செய்தவர் பெயர் தெரியாததுதான் காரணம் என்றால், அந்தக் கூடத்தில் நிற்கும் நடராசரை வார்த்தவர் பெயர் மட்டும் தெரியுமா? பழமைதான் அளவுகோல் என்றால், ஆதிச்சநல்லூரில் கிடைத்த வெண்கல மூடிகளின்மேல் எருமையும் பறவையும் உட்கார்ந்திருக்கின்றன. அவை சோழர்களுக்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தவை. புழங்கியதுதான் குற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணெய் ஊற்றினார்கள், தண்ணீர் மொண்டார்கள், பாக்கு வெட்டினார்கள், அதனால் கலை இல்லை. அப்படிப் பார்த்தால் திருமேனிகளும் சும்மா நிற்கச் செய்தவை அல்ல. தோளில் சுமந்து வீதியுலா கொண்டுபோகச் செய்தவை. பீடத்தில் இருக்கும் துளைகளும் வளையங்களும் அதற்குத்தான். அவையும் ஒரு வேலைக்காக வடிவமைத்த பொருள்களே.

இந்த அளவுகோலைச் சட்டமே எடுத்து ஆண்ட ஊரும் உண்டு. 1926இல் பிரான்குசி என்ற சிற்பி செய்த வெண்கலப் பறவை ஒன்று நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கியது. இறகும் இல்லை, அலகும் இல்லை, வழவழவென்று மேலே எழும் ஒரு வடிவம் மட்டும். கலைப்பொருளுக்கு அங்கே சுங்கவரி கிடையாது. ஆனால் அதிகாரிகள் அந்தப் பறவையைச் சமையலறைச் சாமான்களும் மருத்துவமனைப் பொருட்களும் அடங்கிய பட்டியலில் சேர்த்து நாற்பது விழுக்காடு வரி போட்டார்கள். வழக்கு நடந்து, அது கலைதான் என்று 1928இல் தீர்ப்பு வந்தது. கலை உலகம் இன்றுவரை இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறது. பாத்திரக்கடைக்காரன் மகனுக்கு மட்டும் அதில் சின்ன வருத்தம் உண்டு. சிற்பத்தைச் சமையல் சாமான் என்றது அவமானம் என்று எல்லோருக்கும் உடனே புரிந்தது. சமையல் சாமானுக்கு அதில் என்ன அவமானம் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் கடைக் கணக்கில் இந்த விஷயம் வேறு மாதிரி வரும். புதுப் பாத்திரத்தின் விலை என்பது எடையும் செய்கூலியும். அதையே பத்து வருடம் கழித்துக் கொண்டுவந்தால் எடைக்கு மட்டும்தான் காசு, அதுவும் உடைசல் விலையில். செய்கூலி காற்றில் போயிருக்கும். எவர்சில்வர் வந்தபோது அண்டாவும் தவலையும் வண்டி வண்டியாகக் கடைக்கு வந்தன. தராசில் ஏற்றும் முன் சிலவற்றை அப்பா தனியே எடுத்து வைப்பார். அழகாக இருக்கிறது என்றெல்லாம் சொல்ல மாட்டார். ‘இது நல்ல வேலைப்பாடுடா’ என்பார். மற்றதெல்லாம் உருகிப் போயிற்று. அந்தப் பித்தளைதான் ஏதோ ஒரு பட்டறையில் விளக்காகி மறுபடி எங்கள் கடைக்கே விற்பனைக்கு வந்திருக்கும்.

அந்த அட்டையில் நீங்கள் எழுதியிருப்பதும் எடை மட்டும்தான். செய்கூலியை விட்டுவிட்டீர்கள்.

அந்தக் குத்துவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டின் விளிம்பு ஏன் மேல்நோக்கி வளைந்திருக்கிறது? மேலேயிருந்து சொட்டும் எண்ணெய் தரையில் படாமல் பிடித்துக்கொள்ள. தண்டில் ஏன் வளையம் வளையமாக உருட்டியிருக்கிறது? பார்வைக்கு மட்டுமா, எண்ணெய்க் கை வழுக்காமல் பிடிக்கவும்தான். ஏன் மரை? கழற்றிப் புளி போட்டுத் தேய்க்க. புது விளக்கு வந்தால் அப்பா அதைக் கல்லாமேசையில் நிறுத்தி உச்சியில் ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பார். ஆடி நின்றால் எடுத்துக்கொள்வார், சாய்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். திருமேனி இந்தச் சோதனைக்கெல்லாம் நிற்க வேண்டியதில்லை. நின்றுகொண்டே அழகாகவும் இருப்பது எனக்கு இன்னும் பெரிய வித்தையாகப் படுகிறது. இதில் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

செம்பும் அப்படித்தான். ஈரக் கையோடு பிடித்தாலும் நழுவாத கழுத்து. எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கும்போது தண்ணீர் சிதறாமல் ஒரே தாரையாக விழ, வெளிப்பக்கம் விரிந்த வாய். இதையெல்லாம் கவனிக்க வெளியூர்க்காரர்கள் வர வேண்டியிருந்தது. இந்திய அரசு அழைத்து வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி 1958இல் கொடுத்த அறிக்கையில், இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே செம்பைத்தான் மிக உயர்வாக வைத்தார்கள். எவ்வளவு பிடிக்கும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், எப்படி ஊற்றும், கைக்கு எப்படி இருக்கும் என்று வரிசையாகக் கேள்விகளை அடுக்கினார்கள். அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தொடங்கியது. இன்று அங்கே வடிவமைப்பு படிக்கப் போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர். செம்பு மட்டும் நம் மாடிப்படி ஓரத்தில் நிற்கிறது.

பழைய ஆட்களுக்கு இந்தப் பிரிவினை இவ்வளவு அழுத்தமாக இருந்ததாகத் தெரியவில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும்போது வெண்கல வேலை செய்யும் கஞ்சகாரர், செம்பு செய்குநர், தச்சர், கொல்லர், கண்ணுள் வினைஞராகிய ஓவியர், மண்ணில் உருவம் செய்யும் மண்ணீட்டாளர் என்று எல்லோரையும் ஒரே மூச்சில் அடுக்கிக்கொண்டு போகிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளிக்கு, அரசு எடுத்துக்கொண்ட பிறகு, தொழிற்கலைப் பள்ளி என்றுதான் பெயர். பின்னாளில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்ததும் அதே பள்ளிப் பட்டறையில்தான். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி. சிற்பம் கற்றுக்கொண்ட கூரையின் கீழே சட்டியும் உருவானது.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புதுக் கட்டடம் வேண்டாம், தனிக் கூடமும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு அந்தக் குத்துவிளக்கைத் திருமேனிகளுக்கு நடுவே ஒரு பீடத்தில் வையுங்கள். அதே வெளிச்சம், அதே ஒரு பத்தி விளக்கம். என்ன வேலைக்குச் செய்தார்கள், எப்படி வார்த்தார்கள், எந்த வளைவு எதற்கு என்று எழுதுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் நாச்சியார்கோயிலில் போய்க் கேளுங்கள், பட்டறை ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செம்புக்கு ஒரு நகல் செய்து பெட்டிக்கு வெளியே வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் தூக்கிப் பார்க்கட்டும். கண்ணால் மட்டும் பார்த்தால் செம்பு பாதிதான் புரியும். நடராசருக்கும் விளக்குக்கும் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வித்தியாசம் எவ்வளவு என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லலாமே என்கிறேன்.

இன்னொன்று. எங்கள் ஊரில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவது வழக்கம். செய்தவர் பெயர் இல்லை, வாங்கியவர் பெயர். சீர் என்றால் தேதியோடு, யார் யாருக்குக் கொடுத்தது என்றும் இருக்கும். அந்தப் பெட்டியில் இருந்த இரண்டாவது செம்பின் தோளில் அப்படி ஒரு பெண்ணின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. முதல் இரண்டு எழுத்துதான் தெரிகிறது. மிச்சத்தின்மேல் வெள்ளைப் பெயிண்டில் உங்கள் பதிவு எண் இருக்கிறது. எண்ணை அடிப்பக்கத்துக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் பாத்திரக்கடைக்காரர் மகன்