சதுர அடிக் கணக்கு

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். உன் மகள் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டதை ரவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஓவியமா சிற்பமா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். குழந்தைக்கு என் ஆசிகள். உன் கைவேலை அவளுக்கு வரட்டும், கையெழுத்து மட்டும் வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். மணியின் தம்பி மகன் வரைந்த சுவர் போய்விட்டது. மீன்காரம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, நீகூட போனில் படம் பார்த்துவிட்டு அந்தக் கைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய், அந்தச் சுவர்தான். யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று ராத்திரியோடு ராத்திரியாக க்ரீம் கலர் அடித்துவிட்டார்கள். இவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதிப் பணமும் இன்னும் வரவில்லை. "மாமா, இப்படிச் செய்யலாமா?" என்று வந்து நின்றான். என்னடா எழுதிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். கான்ட்ராக்டர் கொடுத்த ஒரு தாளைக் காட்டினான். சுவர் பெயின்டிங், சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய். அவ்வளவுதான் இருந்தது. அந்த அம்மாக்களோடு மார்க்கெட்டில் உட்கார்ந்து வாரக்கணக்கில் ஸ்கெட்ச் போட்டானே, அதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. வெள்ளையடிக்கிற வேலைக்குப் போடுகிற அதே கணக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

நம் தலைமுறையும் இதில் தேறியதில்லை. எலும்பு, தசை, வார்ப்பு எல்லாம் படித்தோம். ஒரு டெண்டரை எப்படிப் படிப்பது, எஸ்டிமேட் எப்படிப் போடுவது, ஒப்பந்தத்தில் எந்த வரியை விட்டுவிடக் கூடாது என்று யாரும் நம்மை உட்கார வைத்துச் சொல்லவில்லை. அது தெரிந்தவர் கான்ட்ராக்டர், அதனால் வேலை அவர் பெயருக்குப் போகிறது. ஓவியன் அவருக்குக் கீழே தினக்கூலி மாதிரி நிற்கிறான்.

அதனால் இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் ரவியின் குடோனில் கூடுகிறோம். பொதுஇடத்தில் வேலை செய்யப்போகிற இளைய பசங்கள்தான் வருகிறார்கள். ஒரு வக்கீல் வருகிறார், ஒரு கட்டடப் பொறியாளர் வருகிறார். பசங்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் சிற்பி அமர்நாத் செகலின் கதையைச் சொன்னோம். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக 1957இல் அவரிடம் ஒரு வெண்கலச் சுவர்ச்சிற்பம் கேட்டார்கள். பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே வருஷம்தான். 1962இல் முடித்துக் கொடுத்தார். 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அவரைக் கேட்காமலே கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள், பல துண்டுகள் சேதமாகிவிட்டன. 1992இல் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் தர வேண்டும் என்று. பணம் வாங்கிக்கொண்டாலும், பதிப்புரிமையை எழுதிக்கொடுத்துவிட்டாலும், படைத்தவனுக்கு ஓர் உரிமை மிஞ்சுகிறது. அதுதான் சட்டத்தின் 57ஆம் பிரிவு. படைப்பில் தன் பெயரைக் கோரலாம், தன் மதிப்புக் கெடும்படி அதைச் சிதைத்தால் வழக்குப் போடலாம்.

மணியின் தம்பி மகன் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் வக்கீல் விடவில்லை. கழற்றிய நாளிலிருந்து தீர்ப்பு வர 26 வருஷம், அவ்வளவு காலம் காத்திருக்க உன்னால் முடியுமா என்று கேட்டார். ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதிக்கொள்: எடுப்பதற்கோ அழிப்பதற்கோ முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், படைத்தவன் எடுத்துக்கொண்டு போகவோ பதிவு செய்துகொள்ளவோ அவகாசம் தர வேண்டும். இன்னொன்றும் சொன்னார். காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், வரையச் சொன்னவர்தான் பதிப்புரிமையின் முதல் சொந்தக்காரர். நாளைக்கு அந்த மீன்காரம்மாக்களைக் காலண்டரில் போட்டு விற்றாலும் இவனுக்குப் பைசா வராது. குடோனில் சத்தமே இல்லை.

பொறியாளர் பேசியதும் நன்றாக இருந்தது. சாரம், ஓதம் ஏறிய சுவர், பிரைமர், கிரேன் வாடகை, அஸ்திவார போல்ட், மழையில் நின்றுபோகிற நாட்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். வைத்த பிறகு யார் துடைப்பது, யார் செலவில் என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும் என்றார். மெரினாவில் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இலிருந்து உப்புக்காற்றில் நிற்கிறது. அது வெண்கலம், தாங்குகிறது. எமல்ஷன் அடித்த சுவரிடம் அதே ஆயுசை எதிர்பார்க்க முடியுமா?

காசு பேசினால் கலை கெட்டுப்போகும் என்று உன் ஊர்ப் பெரியவர் சொல்வாரே, அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தாரே ஓவியர் பணிக்கர், அவர் என்ன செய்தார்? படித்து முடித்த பசங்கள் என்ன தின்பார்கள் என்று யோசித்தார். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. வயிற்றுப்பாட்டை முதலில் பேசிய மனிதர் அவர். அதனால் அவர் ஓவியம் எங்கே கெட்டது?

இப்போது உன்னிடம் வருகிறேன். வார்ப்பு வேலைக்கு எஸ்டிமேட் போடத் தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை. மெழுகு, வண்டல் மண், உலோகம், உருக்கும்போது போகிற சேதாரம், ராவுகிற கூலி எல்லாம் உனக்கு விரல் நுனியில். உங்கள் சுவாமிமலையிலும் கிலோ விலை பேசித்தானே பாதிச் சண்டை? இங்கே சதுர அடி, அங்கே கிலோ, இரண்டிலும் யோசித்தவனுக்குக் கூலி இல்லை. டிசைனுக்குத் தனியாகக் கேட்டு வாங்க ஆரம்பித்தவன் நீ. எப்படிக் கேட்டாய், எதிராளி என்ன சொன்னார், நீ எதில் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை அந்தப் பசங்கள் உன் வாயால் கேட்க வேண்டும். மேடைப் பேச்சு வேண்டாம், பேச்சென்றால் நீ ஓடிவிடுவாய் என்று தெரியும். உன் பழைய எஸ்டிமேட் நோட்டை எடுத்துக்கொண்டு வா, போதும். அப்புறம் அந்தப் பசங்களே உன்னைக் கேள்வி கேட்டுப் பேச வைத்துவிடுவார்கள்.

பொங்கலுக்கு முன்னால் ஏதாவது ஒரு சனிக்கிழமை பார். மகளையும் கூட்டிக்கொண்டு வா. தங்குவது நம் வீட்டில்தான், ரவி கூப்பிட்டால் போகாதே, அவன் வீட்டில் ராத்திரி முழுக்கப் பேசுவான், நீ மறுநாள் தூங்கி வழிவாய். டிக்கெட் எடுத்ததும் போன் செய்.

அன்புடன்,
பாலு