ஏர் வங்கிக்கு ஒரு பீரியட்

மேல்நிலைப் பள்ளிகளில் பொருளியலும் வணிகவியலும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தி போன மாதம் என்னிடம் பாடம் ஒப்பித்தாள். ஆடம் ஸ்மித் என்றதும் கடகடவென்று வந்தது: பொருளியலின் தந்தை, 1776, செல்வ இலக்கணம். அப்புறம் மார்ஷல், ராபின்ஸ், சாமுவேல்சன். "சரி, இந்த ஸ்மித் வங்கிகளைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது தாத்தா" என்றாள்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. பாடத்தை முடிப்பதற்கே நாள் போதவில்லை என்பது தெரியும். ஸ்மித்தை நடத்தும் வாரத்தில் ஒரே ஒரு பீரியடைத்தான் கேட்கிறேன். அதில் ஒரு சிறிய ஊரின் வங்கியைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஊர், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள துறைமுகம். பெயர் ஏர். உச்சரிப்பு கிட்டத்தட்ட நம் உழவர் பூட்டும் ஏரேதான். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் நோட்டு அடிக்கும் உரிமை அரசிடம் மட்டும் இருக்கவில்லை. எடின்பரோவில் இரண்டு பெரிய வங்கிகள் அடித்தன, சிறிய ஊர்க் கம்பெனிகளும் அடித்தன. கொண்டுவந்து நீட்டினால் தங்கமோ வெள்ளியோ தருகிறோம் என்ற வாக்குதான் நோட்டு. சில வங்கிகள் அந்த வாக்கிலும் ஒரு கொக்கி வைத்திருந்தன: உடனே தருவோம், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து வட்டியோடு தருவோம், எது என்பது எங்கள் இஷ்டம். இதன் விளைவை ஸ்மித் 1776ல் வந்த தன் 'நாடுகளின் செல்வம்' புத்தகத்தில் ஒரு எடுத்துக்காட்டில் காட்டுகிறார். இங்கிலாந்தின் கார்லைலும் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸும் முப்பது மைலுக்குள் இருக்கும் ஊர்கள். லண்டனில் கார்லைல் பணத்துக்கு முழு மதிப்பு. டம்ஃப்ரீஸ் பணத்துக்கோ சில சமயம் 4 சதவீதம் வரை குறைச்சல். கார்லைல்காரன் நாணயத்தில் கொடுத்தான், டம்ஃப்ரீஸ்காரன் கொக்கி போட்ட நோட்டில் கொடுத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை. 1765ல் வந்த சட்டம் அந்தக் கொக்கியை நீக்கியது, 1 பவுண்டுக்குக் கீழ் நோட்டு அடிப்பதையும் தடுத்தது.

1769 நவம்பரில் ஏர் நகரில் டக்ளஸ், ஹெரன் கம்பெனி என்ற வங்கி திறந்தது. எடின்பரோவிலும் டம்ஃப்ரீஸிலும் கிளைகள். பங்குதாரர்கள் நிலக்கிழார்கள், கோமகன்கள். ஸ்மித்தின் பழைய மாணவரான பக்ளூ கோமகனும் அதில் இருந்தார். நோக்கத்தைப் பழிக்க முடியாது. நிலத்தைத் திருத்தவும் சாலை போடவும் கடன் வேண்டும், பழைய வங்கிகள் கையை இறுக்குகின்றன, நாம் தாராளமாகக் கொடுப்போம் என்று வந்தவர்கள். ஸ்மித்தும் அந்த நோக்கத்தை மதித்தே எழுதுகிறார்.

மூலதனம் 1,60,000 பவுண்டு, அதில் 80 சதவீதம் தவணைகளாகக் கட்ட வேண்டும். பங்குதாரர்களில் பெரும்பாலோர் முதல் தவணையைக் கட்டியதும் அதே வங்கியில் கடன் கணக்கு ஒன்றைத் திறந்துகொண்டார்கள். அடுத்த தவணைகளை அந்தக் கணக்கிலிருந்து எடுத்தே கட்டினார்கள். ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் போட்டதுதான் மூலதனம். தணிக்கையில் எத்தனையோ பார்த்தவன் நான், முதன்முதலாக இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு அதோடு சரி. ஓர் ஊரின் வியாபாரத்துக்கு எவ்வளவு நோட்டு தேவையோ அவ்வளவுதான் புழங்கும். அதற்கு மேல் அடித்தால் மிச்சம் நேராக வங்கிக் கவுண்டருக்கே திரும்பி வந்து தங்கம் கேட்கும். ஏர் வங்கியின் நோட்டுகள் அப்படித்தான் திரும்பின. பெட்டியில் தங்கம் இல்லை. அதனால் லண்டனில் உள்ள தரகர்கள் மேல் உண்டியல் எழுதினார்கள். (குறித்த நாளில் பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு, உங்கள் பாடத்தில் மாற்றுச்சீட்டு. செட்டிநாட்டுக் கணக்குப் புத்தகங்களில் அது உண்டியல்.) தவணை வந்ததும் அதை அடைக்க வட்டியும் கமிஷனும் சேர்த்து இன்னொரு உண்டியல். காலையில் கைமாற்று வாங்கி நகையைத் திருப்பி, மதியம் அதே நகையை மறுபடி வைத்துக் கைமாற்றை அடைப்பவர்களை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். அந்த வேலையை இங்கே ஒரு வங்கியே செய்தது. நீர் ஓடிக்கொண்டே இருக்கும் குளம், உள்ளே வரத்து இல்லை. அதை நிரப்பி வைக்க, பல மைல் தள்ளியுள்ள கிணற்றுக்கு வாளியோடு ஆள் அனுப்புகிறவனைப் போல என்று ஸ்மித் இதை எழுதுகிறார்.

இந்த இடத்தில் கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எண்கள் ஸ்மித்துடையவை. இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் காலத்தில் வங்கி கொடுத்த கடன் 8,00,000 பவுண்டுக்கு மேல், வட்டி 5 சதவீதம். இதில் சுமார் 2,00,000 சொந்த நோட்டு, அதன் வட்டி லாபம். மீதி 6,00,000க்கு மேல் லண்டன் உண்டியல், அதற்கு வங்கி கொடுத்த செலவு 8 சதவீதத்துக்கு மேல். ஒரு பக்கம் வருடத்துக்கு 10,000 வரவு, இன்னொரு பக்கம் குறைந்தது 18,000 நஷ்டம். பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். தாராளமாகக் கடன் கொடுக்கக் கொடுக்க வங்கி ஏன் இளைத்தது என்று நீங்கள் விளக்கவே தேவையில்லை.

1772 ஜூனில் லண்டனில் அலெக்ஸாண்டர் ஃபோர்டைஸ் என்ற வங்கியாளர் கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளில் சூதாடித் தோற்று பிரான்சுக்கு ஓடினார். ஆமாம், சென்னைக் கோட்டையில் கொடியேற்றி உட்கார்ந்திருந்த அதே கம்பெனி. செய்தி 12ஆம் தேதி எடின்பரோ வந்தது. அங்கே லண்டன் உண்டியலை நம்பியிருந்த தனியார் வங்கிகள் வரிசையாகச் சாய்ந்தன. 25ஆம் தேதி ஏர் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது.

நோட்டு வைத்திருந்தவர்களுக்கு முழுப் பணமும் கிடைத்தது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். காரணம், பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பே இல்லை; வங்கியின் கடனைச் சொந்தச் சொத்தை விற்றாவது அடைக்க வேண்டும். 'வரையறாப் பொறுப்பு' என்று வணிகவியலில் ஒரு மதிப்பெண்ணுக்கு வரும் சொல், ஏர் மாவட்டத்தில் பரம்பரை நிலங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பங்குதாரர்களில் பாதிப் பேர் திவாலானார்கள். 7,50,000 பவுண்டு நிலம் கைமாறியது என்று கணக்கு சொல்கிறார்கள்.

அடி மேலிருந்து கீழே வரும் விதத்துக்கு ஒரு குடும்பம் போதும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் அப்பா, ஏர் அருகே லாக்லீ என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நிலத்தின் சொந்தக்காரர் ஏர் வங்கி விழுந்ததில் கடனில் மூழ்கியவர். குத்தகைப் பாக்கி என்று நெருக்கி, வழக்குக்குப் போனார். 1784 ஜனவரியில் மேல் நீதிமன்றம் அப்பாவின் பக்கம் தீர்ப்பளித்தது. பிப்ரவரியில் அவர் காசநோயில் இறந்துவிட்டார். மூத்த மகன் பர்ன்ஸுக்கு அப்போது 25 வயது. ஆங்கில ஆசிரியரையும் இந்தப் பீரியடுக்குக் கூப்பிடலாம்.

ஸ்மித்தின் புத்தகமே தள்ளிப்போனதற்கு இந்த வங்கியும் ஒரு காரணம். நெருங்கிய நண்பர்கள் இதில் சிக்கிக்கொண்டார்கள், அவர்களை வெளியே எடுப்பதிலேயே என் கவனம் போகிறது என்ற பொருளில் 1772 செப்டம்பரில் ஒரு கடிதம் எழுதினார். நான்கு வருடம் கழித்து வந்த புத்தகத்தில் நோட்டும் வங்கியும் பற்றிய நீண்ட அத்தியாயம் இருக்கிறது. 5 பவுண்டுக்குக் குறைந்த நோட்டு வேண்டாம் என்று அதில் சொல்கிறார். இது மனிதரின் இயல்பான சுதந்திரத்தில் தலையிடுவதுதான் என்று தானே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் சிலரின் சுதந்திரம் ஊரையே ஆபத்தில் தள்ளுமானால் சட்டம் தடுக்கலாம் என்கிறார், தீ பரவாமல் இருக்க வீடுகளுக்கு நடுவே சுவர் எழுப்பச் சொல்வதைப் போல. நிறைய வங்கிகள் போட்டி போடுவது நல்லது என்று சொன்னவரும் அவரேதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரசு எதிலும் தலையிடக் கூடாது என்றவர் ஸ்மித் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும் பழக்கம் அப்போது கொஞ்சம் தடுமாறும்.

பேத்திக்கு நான் இதைச் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. வாளிக் கணக்கை அவளே போட்டாள். "அப்ப அந்த வங்கியோட கவுண்டர்ல உட்கார்ந்திருந்தவங்களுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்குமா தாத்தா?" என்று கேட்டாள். உங்கள் வகுப்பிலும் யாராவது கேட்பார்கள்.

இப்படிக்கு,
கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன்