கபடி வீரர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காலத்தோடு எடுத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், கிராமக் கபடிக் குழு, வெண்ணாற்றங்கரை.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
பார்வை: இதே பொருளில் குறைதீர்க்கும் நாளில் முன்பு அளித்த மனுக்கள் (ஒப்புகைச் சீட்டு நகல்கள் இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொங்கல் மின்னொளி கபடிக்குத் தாங்கள் வந்து கோப்பை வழங்கிய திடலின் குழு நாங்கள். முந்தைய மனுக்களுக்கு "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. ஆகவே மறுபடியும் பணிந்து எழுதுகிறோம்.

1. திடலின் களிமண் பங்குனி வந்தால் வெடித்துக் கிடப்பது தாங்கள் அறிந்ததே. ரெய்டு போனவர் திரும்பும்போது பாதம் வெடிப்பில் மாட்டி, முட்டி திருகிக்கொள்ளும். முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்து போய்விடும்.

2. அரசு மருத்துவமனையில் முதலில் எக்ஸ்ரே. அதில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. "எலும்பு நல்லா இருக்கு" என்று அங்கே சொன்னது, வீடு வந்து சேர்வதற்குள் "ஒண்ணுமில்லை" என்றாகிவிடுகிறது. எண்ணெய் போட்டு நீவி, வீக்கம் வற்றியதும் மறுபடி இறங்கி ஆடுகிறார்கள்.

3. எங்கள் பெண்கள் அணியில் பிளஸ் டூ படிக்கும் ரெய்டர் ஒருத்தி. தை மாதப் போட்டியில் முட்டியில் 'டப்' என்று சத்தம், அன்றிரவே வீங்கிவிட்டது. மருத்துவர் காலை இழுத்துப் பார்த்தே சந்தேகப்பட்டு, ஜவ்வையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினார். அவர்மேல் குறையில்லை. ஸ்கேனுக்குத் தேதி கிடைத்ததோ சித்திரையில். தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதக்காரர்கள் முதலில் என்றார்கள். நியாயம்தான், உயிர்தான் பெரிது. சித்திரையில் போனால் மெஷின் பழுது, வேறு தேதி! அதற்குள் படி இறங்கும்போது முட்டி நழுவி விழுந்தாள். அதன்பின் காலை நீட்டவே முடியவில்லை, பூட்டிக்கொண்டது. கடன் வாங்கித் தனியாரிடம் ஸ்கேன் எடுத்தோம். ஏ.சி.எல். அறுந்திருக்கிறது, எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்து மூட்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. முன்பே வந்திருந்தால் தைத்துக் காப்பாற்றியிருக்கலாம், இனிக் கிழிந்த பகுதியை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பதினேழு வயது ஐயா! அவள் தாய் நடவுக்குப் போகிறவர். ஒரு போகத்துக் கூலி அந்த ஒரு ஸ்கேனுக்கே போயிற்று.

4. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் வடுவூர் அபினேஷ் கபடித் தங்கம் வென்றபோது டெல்டாவே கொண்டாடியது. பதக்கம் வந்தால் மாலை, முட்டி போனால் தேதியா?

5. நாங்கள் புது மெஷின் கேட்கவில்லை. இருப்பதைச் சரிசெய்து, வாரம் ஒரு பிற்பகலை வீரர்களுக்கு ஒதுக்கினால் போதும். முட்டி ஒன்றுக்கு அரைமணி நேரம் போல ஆகும். தொடைத் தசைக் கிழிவுக்கு அல்ட்ராசவுண்டே போதும். தாலுகா மருத்துவமனையில் அது இருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஓடுகிறது. தசை, மூட்டு பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் வாரம் ஒருநாள் வரட்டும். ஓட்டக்காரப் பிள்ளைகளின் முழங்கால் கீழெலும்பில் விழும் மயிரிழை விரிசல்கூட முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அவர்களையும் "நடிக்கிறான்" என்றே திட்டிக்கொண்டிருக்கிறோம்.

6. ஸ்கேன் படமும் சீடியும் கையில் தர வேண்டும். பின்னால் எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க.

இந்த மனுவையும் உரிய துறைக்கு அனுப்பி முடித்துவிட வேண்டாம் ஐயா. மருத்துவமனைக்குத் தாங்களே ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். அடுத்த போட்டிக்கு முன் அந்தப் பிற்பகலை ஒதுக்கித் தருமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர் மற்றும் வீரர், வீராங்கனையரின் பெற்றோர்