வட்ட மெனுவில் தமிழ்ச் சொல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் நாளிதழின் செயலியில் போன வாரம் வட்ட மெனு வந்திருக்கிறது. வலது கீழ் மூலைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எட்டுப் படங்கள் விசிறி போல விரிகின்றன. விரலை ஒரே இழுப்பு இழுத்தால் வேண்டிய பகுதிக்குப் போய்விடலாம். யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கும்பகோணத்தில் 31 ஆண்டுகள் அச்சுக் கோத்தவன் நான். எழுத்துப் பெட்டியில் அடிக்கடி வரும் எழுத்துகள் கைக்கு அருகிலும் அபூர்வமானவை ஓரத்திலும் இருக்கும். பழகிவிட்டால் கண் கைப்பிரதியில் இருக்கும், கை தானாகப் பெட்டிக்குள் போகும். வட்ட மெனுவும் அதே கணக்குத்தான். நீளப் பட்டியலில் கடைசி வரி தூரம். வட்டத்தில் எல்லாம் ஒரே தூரம், திசையைக் கை நினைவில் வைத்தால் போதும். 1988இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் எட்டு இனங்கள் கொண்ட பட்டியலை இரண்டு விதமாகவும் வைத்துச் சோதித்தார்கள் என்றும், வட்டம் சுமார் 15 சதவீதம் வேகமாக இருந்தது என்றும் செயலி எழுதும் வேலையில் இருக்கும் என் மகள் சொன்னாள்.

ஆனால் அது முழு வட்டம், அதுவும் மவுஸ் வைத்துச் செய்தது. அங்கே ஒன்றுக்கு 45 பாகை கிடைத்தது. நம் செயலியில் மூலையில் கால் வட்டம்தான், ஒன்றுக்கு 11 பாகை. என் கட்டை விரலே பாதியை மறைத்துவிடுகிறது. பொத்தானைக் கீழ் விளிம்பின் நடுவுக்குக் கொண்டுவந்து, எட்டை ஐந்தாகக் குறைத்தால் சரியாகிவிடும். இடது கையில் போனைப் பிடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் எட்டும். அழுத்திப் பிடிக்கும்போது விரல் நடுங்குகிறது, ஒருமுறை தொட்டாலே திறக்கட்டும்.

படங்கள்தான் பெரிய சிக்கல். கடித உறைப் படத்தை வாசகர் கடிதம் என்று நினைத்துத் தொட்டேன், மின்னஞ்சல் முகவரி கேட்டது. ஒரு தமிழ் நாளிதழின் மெனுவில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லாதது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ‘மாவட்டச் செய்திகள்’ இடத்தில் அடங்காது என்றால் ‘மாவட்டம்’ போதுமே. அப்புறம், எதை அதிகம் படிக்கிறோமோ அதற்கேற்பப் படங்கள் தினமும் இடம் மாறுகின்றன. ராத்திரியில் யாரோ எழுத்துப் பெட்டியின் அறைகளை மாற்றி வைத்தால் காலையில் அச்சுக் கோப்பவன் என்ன ஆவான்? நேற்று விளையாட்டு இருந்த திசையில் இன்று ராசிபலன் வருகிறது. தயவுசெய்து இடங்களை நிலையாக வையுங்கள்.

பார்வை மங்கிய என் அண்ணன் போன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் குரல் துணையோடு நம் செய்திகளைக் கேட்பவர். முன்பிருந்த சாதாரணப் பட்டியல் அவருக்குப் பழகியிருந்தது. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் பெயரில்லாத பொத்தான் என்றே குரல் வருகிறது. ஒரு வாரமாக நான்தான் அவருக்குத் தலையங்கம் வாசித்துக் காட்டுகிறேன். வட்டத்துக்குப் பக்கத்திலேயே பழைய பட்டியலையும் மறுபடி வைத்துக் கொடுங்கள்.

— ஓய்வுபெற்ற அச்சுக் கோப்பாளர், கும்பகோணம்