எளிமையாக எடுத்தால் கஞ்சப் பிள்ளைகளா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சாவுச் சடங்குகள் பற்றி வந்த கட்டுரையை முழுக்கப் படித்தேன். மற்றதெல்லாம் சரி. நடுவில், ‘எளிமையாக எடுக்கிறோம் என்பவர்கள் பெரும்பாலும் செலவுக்குப் பயந்த பிள்ளைகளே’ என்று ஒரு வரி. எழுதியவரை எனக்குத் தெரியாது. ஆனால் அச்சுக்குப் போகும் முன் நீங்கள் படித்திருப்பீர்கள் அல்லவா? அதுதான் மனதை அறுக்கிறது.

எங்கள் அம்மா போன மாசியில் காலமானார். கொட்டு வேண்டாம், வேட்டு வேண்டாம், பூப்பல்லக்கு வேண்டாம், சுவரில் என் முகத்தை ஒட்டாதீர்கள் என்று நல்லபடியாக நடமாடும்போதே சொல்லி வைத்திருந்தார். வள்ளலார் மேல் பிடிப்புள்ளவர். கருமாதியும் திதியும் வேண்டாமென்று வள்ளலார் 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. (அவர் புதைக்கத்தான் சொன்னார். நாங்கள் தத்தனேரி மின்மயானத்துக்குக் கொண்டுபோனோம். அதுவும் அம்மா சொன்னபடிதான்.)

நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டி, அவருக்குப் பிடித்த சுங்குடிச் சேலையைக் கட்டிவிட்டோம். பேரப்பிள்ளைகள் வாய்க்கரிசி போட்டார்கள். மதியத்துக்குள் எடுத்தாகிவிட்டது. தம்பியோடு, மகளான நானும் மயானம் வரை போனேன். அதற்கே தெருவில் முணுமுணுப்பு. ‘பெத்தவளை அநாதைப் பிணம் மாதிரி எடுக்கிறீங்களே’ என்று உறவுக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார். அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவர் அவர். இப்போது உங்கள் பத்திரிகையும் அவர் பக்கம் நிற்கிறது.

திரும்பி வந்து குளித்த பிறகு எதிர்வீட்டு அக்கா தூக்குவாளியில் ரசமும் சோறும் கத்தரிக்காய்க் கூட்டும் கொண்டுவந்து, ஜமக்காளத்தில் எங்களை உட்கார வைத்துப் பரிமாறினார். அம்மா பால் கணக்கை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, கம்பியில் குத்தி வைப்பார். தம்பி மகள் அந்தக் கட்டை எடுத்து வாசித்தாள். ‘கால் லிட்டர் கூட, தயிருக்கு. பேத்தி வர்றா’ என்று ஒரு தாளில் இருந்தது. அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. அப்புறம் ஆளுக்கு ஒரு தாளாக வாங்கிப் படித்தோம். சிரித்தோம், அழுதோம். இருட்டும்வரை அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். செலவுக்குப் பயந்த பிள்ளைகள் செய்தது இதுதான்.

செலவு செய்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணன் வட்டிக்கு வாங்கினார். ஊர் வாய்க்குப் பயந்துதான். வந்த மொய் பந்தலுக்கும் சாப்பாட்டுக்குமே காணவில்லை. கறவை மாட்டை விற்று அடைத்தார். சாப்பிட்டுப் போனவர்கள் குழம்பில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பறை அடிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கூலியில் பேரம் பேசிவிட்டுச் சாராயத்துக்கு மட்டும் தாராளமாக அள்ளிவிடும் வீட்டாரைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சவ ஊர்வலத்தில் ரோட்டில் வீசிய மாலையில் வண்டி சறுக்கி என் மகன் கையை முறித்துக்கொண்டான். அப்போதே உங்களுக்கு எழுதினேன்; கடிதம் வெளியாகவில்லை. அதே வாரம் ஒரு பெரிய மனிதரின் பூப்பல்லக்கு ஊர்வலம் உங்கள் இதழில் வண்ணப் படங்களோடு வந்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனதை நாடே பேசியது. இன்றும் எங்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் காற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறது. அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. எளிமையாக எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி இருந்தது.

மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதவில்லை. அடுத்த இதழில் இந்த விவரங்களுக்கு ஒரு கால் பக்கம் ஒதுக்கினால் போதும். வீட்டில் இறந்தால் மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும். 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்தால் கட்டணம் கிடையாது. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர்தான் பதிவாளர். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களுக்கு இலவச அமரர் ஊர்தி உண்டு. வாரிசுச் சான்றைத் தருபவர் வட்டாட்சியர். இவ்வளவுதான். இது தெரியாமல் எங்கள் தெருவிலேயே தரகரிடம் பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
செல்லூர், மதுரை.