இடவலம் மாறிய கண்ணாடிக்கடை

அன்புள்ள முரளி,

மெக்சிகோ புகைப்படக்கலைஞர் மானுவேல் ஆல்வரெஸ் பிராவோவின் 'பராபோலா ஆப்டிகா' படத்தில் கடைப்பலகை எழுத்தெல்லாம் இடவலம் மாறியிருக்கிறதே, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தாய். பிழையில்லை. 1931இல் மெக்சிகோ நகரத்து மூக்குக்கண்ணாடிக் கடையொன்றை எடுத்த படம் அது. நெகட்டிவைப் புரட்டிப்போட்டே பிரிண்ட் எடுத்திருக்கிறார். வரைந்த கண்களெல்லாம் நம்மை நேராகப் பார்க்கின்றன. எழுத்து மட்டும் படிக்க வராமல் இழுக்கிறது. கண்ணாடிக்கடைப் பலகைக்கே இந்தக் குறும்பு!

அந்த 1931இல்தான் லா டோல்டெகா சிமெண்ட் கம்பெனியின் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கி, அரசு வேலையை விட்டார். அதற்கு முந்தைய ஆண்டு புகைப்படக்கலைஞர் டீனா மொடோட்டி மெக்சிகோவிலிருந்து நாடு கடத்தப்பட்டபோது, சுவரோவியங்களைப் படமெடுக்கும் அவருடைய வேலை பிராவோவிடம் வந்திருந்தது. எனக்கென்னவோ பரிசைவிட அந்த வேலைதான் அவர் கண்ணைப் பழக்கியது என்று தோன்றுகிறது.

பிற்காலத்தில் அவர், வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தால் படம் உருவாகும் பிளாட்டினம் பிரிண்டும் போட்டார். நீயும் அதில் புரட்டிப்போட்டுப் பார்க்கப்போகிறாய் என்றால் கவனம். படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் சுலபம்: நெகட்டிவைப் பிடிக்கும் கேரியரில் அதைத் திருப்பி, ஃபோகஸை மறுபடி பார்த்தால் போதும். பிளாட்டினமோ காண்டாக்ட் பிரிண்ட், அதாவது நெகட்டிவைத் தாள்மேல் நேரே வைத்து எடுப்பது. எமல்ஷன் பக்கம், அதாவது படம் பதிந்த பக்கம், தாளோடு ஒட்டியிருக்க வேண்டும். புரட்டினால் நடுவில் ஃபிலிமின் கனம் வந்துவிடும், யூவி (புற ஊதா) டியூப்பின் பரவிய ஒளி அந்த இடைவெளியில் சிதறி எழுத்தின் ஓரம் மங்கும். அதனால் ஸ்கேன் செய்து, கணினியில் புரட்டி, இங்க்ஜெட் டிரான்ஸ்பரன்சியில் (ஒளி ஊடுருவும் தாளில்) புது நெகட்டிவ் எடு. வழக்கமான கருப்பு-வெள்ளைப் புகைப்படத் தாளுக்குச் சரியாக இருக்கும் நெகட்டிவ் இதற்குப் போதாது, பிரிண்ட் சப்பையாகச் சாம்பல் பூத்துவிடும். கான்ட்ராஸ்டைக் கூட்டியே எடு.

8x10 அங்குலப் படத்துக்கு ஃபெரிக் ஆக்சலேட்டும் (ஒளி பட்டால் மாறும் இரும்பு உப்பு) பிளாட்டினக் கரைசலும் சம அளவில், மொத்தம் சுமார் 2 மி.லி. பூச்சுக்கு இரும்புப் பட்டை போட்ட பிரஷ் வேண்டாம், கரும்புள்ளி விழும். தாள் எலும்பாகக் காய்ந்திருந்தால் கருமை ஏறாது. கொஞ்சம் ஈரப்பதம் இருக்கட்டும். பொட்டாசியம் ஆக்சலேட்டில் டெவலப் செய்தபின் மிஞ்சிய இரும்பை நீக்கும் ஈடிடிஏ கரைசலில் மூன்று தடவையாவது மாற்றி அலசு. அவசரப்பட்டால் இரும்பு தங்கி, வெள்ளையெல்லாம் மஞ்சளடிக்கும்.

முதல் பிரிண்ட் காய்ந்ததும் அனுப்பு. ஈரத்தில் பார்த்துக் கருமையை நம்பிவிடாதே, காய்ந்தால் தொனி மாறும்.

அன்புடன்,
ராகவன்