வரிசையில் நின்ற தங்கச்சிக்கு நன்றி

அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். 1971 பாகிஸ்தான் போரில், ஜம்மு எல்லையை ஒட்டிய பசந்தர் ஆற்றுப் பக்கம் இருந்தவர். பீரங்கிச் சத்தத்தில் இடது காது அப்போதே போய்விட்டது.

நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனோம். அப்பாவின் தேய்ந்த விரல் ரேகையைக் கருவி ஏற்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்றார்கள்.

பின்னால் நின்ற தங்கச்சி, நீங்களாகவே வந்து அப்பாவை உட்கார வைத்தீர்கள். உங்கள் செல்போனில், இந்தச் சான்றுக்கான அரசின் ஜீவன் பிரமாண் செயலியை இறக்கி, முகத்தைப் படம்பிடித்தே சான்றை முடித்துக் கொடுத்தீர்கள். அதற்குள் உங்கள் டோக்கன் போய்விட்டது. அப்புறம் அவருடைய வலது காதுப் பக்கம் குனிந்து, "எந்த பட்டாலியன் ஐயா?" என்று கேட்டீர்களே! "16 மதராஸ்" என்று அப்பா நிமிர்ந்து சொன்னார். அன்று ராத்திரி வரை பேச்சு ஓயவில்லை.

பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள். அப்பா உங்களைப் பார்க்கணும் என்கிறார்.